கடலோர நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கு அறைகலன்களும் அலங்காரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலோ அதைப் போன்ற கடலோர ஊரிலோ இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் குடியேறப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. விளம்பரப் படங்களில் காணும் கூடங்கள் பெரும்பாலும் நம் முழு வீட்டின் அளவு இருக்கும் என்பதையும், அந்தப் படங்களில் புழுக்கமோ கரையானோ மழைக்காலத்தில் உலர்த்த வேண்டிய துணியோ தென்படுவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்வது நல்லது.

சாவி கைக்கு வந்ததும் முதலில் எதை வாங்க வேண்டும்?

ஐந்து மீட்டர் அளவு டேப் ஒன்றை வாங்குங்கள். அதற்கடுத்து நல்ல மெத்தையை வாங்குங்கள். மற்றவை ஒரு மாதம் காத்திருக்கலாம். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரே வாரத்தில் வீட்டை நிரப்புகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் பாதிப் பொருள்களை விற்கவோ ஊருக்கு அனுப்பவோ நேர்கிறது. ஒரு மாதம் தரையில் விரித்த அந்த மெத்தையிலும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் காலம் தள்ளினால், பிற்பகல் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, காற்று எந்தச் சன்னலிலிருந்து வருகிறது, வீட்டுப் பெரியவர் எந்த மூலையில் இயல்பாகப் போய் உட்காருகிறார், கைப்பேசிக்கு மின்னேற்ற எல்லோரும் எந்த பிளக் பாயின்ட்டைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவை தெரிந்த பிறகு எடுக்கும் முடிவு, கடைக்காரர் சொல்லும் எந்தத் தள்ளுபடியையும்விட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

பத்திரத்தில் 1,000 சதுர அடி என்று எழுதியிருந்தாலும், சுவர்களின் கனமும் மாடிப்படி, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் நாம் உண்மையில் நடமாடும் தரைப்பரப்பு அதைவிடக் கணிசமாகக் குறைவு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் விற்பனையின்போது ‘கார்ப்பெட் ஏரியா’வைத் தெரிவிக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். சாமான் வாங்கும்போது அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

ஒரு பொருள் அறைக்குப் பொருந்துமா என்பதை எப்படிக் கணிப்பது?

பொருளை வாங்குவதற்கு முன் அதன் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கணினியில் வரையும் முப்பரிமாணப் படத்தைவிட இது நம்பகமானது, ஏனெனில் அந்தப் படத்தில் நீங்கள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை.

சில அளவுகளை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆட்கள் அடிக்கடி போய்வரும் நடைவழிக்கு மூன்றடி வேண்டும். சோபாவுக்கும் முன்னால் உள்ள சிறு மேசைக்கும் இடையில் ஒன்றரை அடி போதும். அதற்கு மேல் போனால் காபி டம்ளர் கைக்கு எட்டாது. உட்காரும் இடம் தரையிலிருந்து 16 முதல் 18 அங்குலம் வரை இருக்கலாம். மூட்டு வலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் 18 அங்குலமே நல்லது. இப்போது நாகரிகம் என்று விற்கப்படும் மிகத் தாழ்ந்த சோபாக்களிலிருந்து எழுவதற்கு அவர்களுக்கு மற்றொருவரின் கை தேவைப்படும்.

படுக்கையறையில்தான் கணக்கு பெரும்பாலும் பிசகுகிறது. பத்தடிக்குப் பதினோரடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தடிச் சுவரின் ஒரு முனையில் இரண்டடி ஆழத்துக்கு அலமாரி அமைத்துவிட்டால் எட்டடி மீதி. ‘கிங்’ மெத்தை 72 அங்குல அகலம் கொண்டது. கட்டிலின் சட்டத்தையும் சேர்த்தால் ஆறரை அடி ஆகிவிடும். மிஞ்சுவது ஒன்றரை அடி என்பதால், அலமாரிக் கதவைத் திறக்க ஒருவர் கட்டிலின் மேல் ஏறி நிற்க வேண்டியதுதான். 60 அங்குல அகலமுள்ள ‘குயின்’ மெத்தையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டரை அடி மிஞ்சும். அந்த ஓரடி வேறுபாட்டில்தான் அறை அறையாக இருக்கிறது.

வாங்கிய சோபா வீட்டுக்குள் நுழையாமல் போக வாய்ப்பு உண்டா?

நிச்சயமாக உண்டு, எனக்கே நடந்தது. மூன்று பேர் அமரும் சோபா லிஃப்டில் ஏறவில்லை, மாடிப்படித் திருப்பத்திலும் வளையவில்லை. கடைசியில் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றினோம், அதற்குக் கேட்ட கூலியை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. லிஃப்டின் உயரத்தையும் ஆழத்தையும், படிக்கட்டுத் திருப்பத்தையும், வாசற்கதவைத் திறந்தால் கிடைக்கும் அகலத்தையும் கடைக்குப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கால்களைக் கழற்றி மாட்டக்கூடிய சோபாவாக இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தேக்கு வாங்குவதா, ப்ளைவுட்டில் செய்வதா, பெட்டியில் வரும் ஆயத்தச் சாமான் போதுமா?

இது ஒரே பதிலில் அடங்காத கேள்வி. பொருளுக்குப் பொருள் விடை மாறும்.

கட்டில், உணவு மேசை, நாற்காலி போன்று எடையையும் அசைவையும் தாங்கும் பொருள்களுக்குத் திண்மரமே சிறந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் ஈரத்தையும் கரையானையும் மற்ற மரங்களைவிட நன்றாகத் தாங்கும். இதனால்தான் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் தேக்கு என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் வைரம் பாய்ந்த தேக்கு அல்ல. இளமரத்தின் வெளிப்பகுதியான வெளிர் நிற வெள்ளைக் கட்டையைச் சாயம் ஏற்றிப் பாலிஷ் போட்டு விற்பதுண்டு; அந்தப் பகுதியைப் பூச்சி எளிதில் அரிக்கும். மேசையின் அடிப்பக்கத்தையும் இழுப்பறையின் உட்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், பாலிஷ் போடாத இடத்தில் மரத்தின் உண்மை நிறம் தெரியும். தேக்குக்குப் பணம் போதவில்லை என்றால் வேங்கை, வாகை, வேம்பு ஆகியவற்றில் செய்து தரும் ஆசாரிகள் மாவட்டத் தலைநகரங்களில் இன்னும் இருக்கிறார்கள். மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே முக்கியம். பச்சை மரத்தில் செய்த கட்டில் இரண்டு கோடையில் இணைப்பு விட்டுக் கிரீச்சிடத் தொடங்கும்.

சுவரோடு ஒட்டிய அலமாரிகளுக்கும் சமையலறைப் பெட்டிகளுக்கும் ப்ளைவுட்தான் நடைமுறைக்கு ஏற்றது. அதில் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கான தர எண், ஐ.எஸ். 710 என்பது நீரையும் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கானது. 303இல் ‘எம்.ஆர்.’ வகை காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது. ஆகவே படுக்கையறை அலமாரிக்கு எம்.ஆர். போதுமானது, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே வரும் பெட்டிக்கு 710 தேவை. வீடு முழுவதும் 710 போட வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்கள் உங்கள் பணத்தைத்தான் அளக்கிறார்கள். எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்கும், மேலே மைக்கா ஒட்டிய பிறகு அதைப் பார்க்க வழியில்லை. எட்டடிக்கு நாலடிப் பலகைகள் வந்து இறங்கும் அன்று நேரில் நின்று, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயத்தச் சாமான்களில் பெரும்பாலானவை மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகையாலோ மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையாலோ செய்யப்படுகின்றன. தோற்றத்தில் குறை சொல்ல முடியாது, விலையும் குறைவு. ஆனால் துகள் பலகை ஒருமுறை நீரை உறிஞ்சி உப்பினால் காய்ந்த பிறகும் பழைய வடிவுக்குத் திரும்பாது, திருகாணியும் ஒரே இடத்தில் இரண்டாம் முறை பிடிக்காது. வீடு மாறும்போது கழற்றிப் பூட்ட வேண்டியவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த மழையையும் தரைத்தளத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தரைத்தள வீட்டில் அலமாரிகளுக்கு நான்கங்குலமாவது உலோகக் கால் வைத்து உயர்த்துவது நல்லது. நாள்தோறும் தரை துடைப்பதற்கும் அது வசதி.

கரையானையும் மழைக்கால ஈரத்தையும் எப்படிச் சமாளிப்பது?

வெளிச்சுவரில் அலமாரியை ஒட்டி அமைப்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் சுவரில் நீர்க்கசிவு இல்லை என்பதை ஒரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு உறுதி செய்துகொண்டு, பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே சிறிது காற்று போக இடம் விடுங்கள். மரவேலை தொடங்கும் முன்பே சுவரிலும் தரை ஓரங்களிலும் கரையான் மருந்து அடிப்பது, பின்னால் துளையிட்டு அடிப்பதைவிட எளிது. நவம்பரில் கதவு இறுகிப் பிடித்தால் உடனே இழைத்துவிடாதீர்கள். மரம் ஈரத்தை வாங்கி விரிந்திருக்கிறது, தை பிறந்து காய்ந்ததும் அதே கதவில் இடைவெளி விழும்.

சோபாவுக்குத் தோல், ரெக்சின், துணி ஆகியவற்றில் எது ஏற்றது?

ரெக்சின் வகைகளில் பாலியூரித்தேன் பூச்சுள்ளவை காற்றின் ஈரப்பதத்தோடு வினைபுரிந்து சிதைபவை. கடற்கரை நகரங்களில் சில ஆண்டுகளிலேயே அவை செதில் செதிலாக உரியத் தொடங்குவது இதனால்தான், பயன்படுத்தியவர் மீது பிழையில்லை. தோல் விலை மிகுந்தது, பராமரிக்காவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை படியும், வேர்வை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கழற்றித் துவைக்கக்கூடிய உறையோடு கூடிய பருத்தி அல்லது பருத்தி கலந்த துணியையே பரிந்துரைப்பேன். மேலே விரிக்கும் துணி எத்தனை முறையும் மாறலாம். உள்ளே இருக்கும் நுரை மாறாது. 32 அடர்த்தி என்றால் ஒரு கன மீட்டர் நுரை 32 கிலோ எடை என்று பொருள். உட்காரும் பகுதிக்கு அதற்குக் கீழே போனால் விரைவில் குழி விழும், 40 இருந்தால் நிம்மதி.

பிரம்பை நாம் வீணாக மறந்துவிட்டோம். காற்று ஊடுருவும், எடை குறைவு, ஒருவரே தூக்கி இடம் மாற்றலாம். சீர்காழிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள தைக்காலில் சாலையோரக் கடைகளிலேயே பிரம்பு நாற்காலிகள் பின்னப்படுவதைப் பார்த்து வாங்கலாம். கூடத்தில் ஒரு பெரிய சோபாவும் இரண்டு பிரம்பு நாற்காலிகளும் இருந்தால், ‘எல்’ வடிவ சோபா ஒன்று தரும் இருக்கை எண்ணிக்கை கிடைத்துவிடும். விருந்தினர் இரவில் தங்கினால் நாற்காலிகளை நகர்த்திப் பாய் விரிக்கவும் இடம் இருக்கும்.

பழைய பொருள்களை நவீன வீட்டில் வைக்கலாமா? பொருந்தாமல் தெரியாதா?

தாராளமாக வைக்கலாம், எண்ணிக்கையில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சண்டிகர் நகரத்துக்காக 1950களில் சுவிஸ் கட்டடக் கலைஞர் பியேர் ஜானரே வடிவமைத்த அலுவலக நாற்காலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை தேக்கும் பிரம்புப் பின்னலும் கொண்ட எளிய நாற்காலிகள்; கழித்துப் போடப்பட்டவை பிற்காலத்தில் வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போயின. உலகம் நவீனம் என்று கொண்டாடிய அந்தத் தேக்கும் பிரம்பும் நம் பாட்டனாரின் சாய்வு நாற்காலியிலும் இருக்கின்றன. வெறும் வெள்ளைச் சுவரின் முன் அந்த ஒரு நாற்காலியை வைத்து, சுற்றிலும் எதையும் வைக்காமல் விட்டுப் பாருங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கதவுச் சட்டம், எனாமல் தட்டு, மரப்பெட்டி என்று எதைக் கண்டாலும் ஆசை வரும். அங்கே போகும்போதும் டேப் பையில் இருக்கட்டும். பழைய மரத்தில் பொடிப்பொடியாக மாவு உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் புதிய அலமாரிக்கும் பரவலாம்.

ஊஞ்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு உத்தரத்தில் சங்கிலி மாட்டினார்கள், உத்தரம் தாங்கியது. அடுக்குமாடிக் கட்டடத்தில் கான்கிரீட் கூரையைத் துளைத்துக் கொக்கி மாட்டுவதற்கு முன், கொக்கி வரும் இடத்தைக் கட்டடப் பொறியாளரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். ஆடும் எடை நிற்கும் எடையைவிடக் கொக்கியை அதிகமாக இழுக்கும் என்பதால், கடைக்காரர் தரும் உறுதி இங்கே போதாது.

உணவு மேசை அவசியமா?

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் உள்ள வீட்டில் அவசியம் என்றே நினைக்கிறேன். மேசை உயரம் 30 அங்குலம். ஒருவருக்கு இரண்டடி விளிம்பு வேண்டும். நாற்காலியைப் பின்னால் இழுத்து எழ மூன்றடி வேண்டும். மூன்றடி அகல மேசையின் இரு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்தால் ஒன்பதடி போய்விடும் என்பதால், சிறிய வீட்டில் ஒரு பக்கத்தைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, விருந்தினர் வரும் நாளில் மட்டும் இழுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அதிலேயே படிப்பார்கள். கண்ணாடி மேற்பரப்பு வேண்டாம்.

ஃபால்ஸ் சீலிங் போட்டால்தான் வீடு நவீனமாகத் தெரியும் என்கிறார்களே?

குடியிருப்பு அறைகளுக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு, ஏறத்தாழ ஒன்பதடி. நம் அடுக்குமாடிகள் அதற்குச் சற்று மேலே நிற்பவை. அதில் ஆறங்குலத்தைச் செயற்கைக் கூரைக்குக் கொடுத்து, அதன் கீழே மின்விசிறியைத் தொங்கவிட்டால், உயரமானவர் சட்டை மாற்றக் கையைத் தூக்கவே அஞ்ச வேண்டியிருக்கும். விசிறி இறக்கைகள் தரையிலிருந்து ஏழடிக்கு மேல் இருக்க வேண்டும். அதே நேரத்தில் கூரையை ஒட்டி இருந்தால் மேலிருந்து காற்றை இழுக்க இடமின்றி வெறும் சத்தம்தான் போடும். குளிர்சாதனத்தை மட்டும் நம்பி வாழும் வீடுகளுக்காக உண்டான ஓர் அலங்காரத்தை, மின்விசிறி ஆண்டு முழுவதும் ஓடும் ஊருக்கு அப்படியே கொண்டுவந்திருக்கிறோம். மேல் வீட்டுக் குளியலறையில் கசிவு ஏற்பட்டால் அது எங்கே தொடங்கியது என்பதையும் அந்தக் கூரை மறைத்துவிடும். தேவையென்றால் சுவரோரத்தில் மட்டும் ஒன்றரை அடிப் பட்டையாக அமைத்து, அதற்குள் விளக்குகளைப் பதித்து, நடுப்பகுதியை உயரமாகவே விட்டுவிடலாம்.

விளக்குகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

விளக்குப் பெட்டியின் மேல் கெல்வின் அளவு அச்சிட்டிருக்கும். 6,500 என்றால் டியூப்லைட்டின் நீலம் கலந்த வெள்ளை, 4,000 என்றால் நடுநிலை வெள்ளை, 2,700 முதல் 3,000 வரை என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். சமையலறையிலும் படிக்கும் மேசையிலும் 4,000 வசதியாக இருக்கும். கூடத்திலும் படுக்கையறையிலும் மாலைக்குப் பிறகு 3,000 கண்ணுக்கு இதமானது. நடுக்கூரையில் ஒரே பெரிய விளக்கைப் போடுவதைவிட, சோபா அருகே ஒன்று, சுவரில் ஒன்று, பூசை மாடத்தில் ஒன்று என மூன்று சிறிய விளக்குகளைத் தனித்தனிச் சுவிட்சில் வைத்தால், சாதாரணச் சாமான்கூட அழகாகத் தெரியும். மின்வேலையின்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்; பிறகு சொன்னால் சுவரை உடைக்க வேண்டிவரும்.

சுவருக்கு எந்த நிறம் ஏற்றது?

வண்ண அட்டையில் பார்க்கும் நிறம் சுவரில் அடர்த்தியாகத் தெரியும். இரண்டு மூன்று சாயல்களைத் தலா மூன்றடிச் சதுரத்துக்கு அடித்து, காலையிலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மேற்கு வெயில் விழும் அறைக்கு ஆரஞ்சு, சிவப்பு சாயல்களைத் தவிர்ப்பது நல்லது. வெள்ளையிலும் சற்றே மண் சாயல் கலந்த வெள்ளை நம் வெளிச்சத்தில் கண்ணைக் கூசாது. ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் என்ற வழக்கத்தைப் பின்பற்ற விரும்பினால், ஆத்தங்குடி டைல்களில் உள்ள செங்காவியையோ பச்சையையோ எடுத்துக்கொள்ளலாம். அந்த டைல்கள் சிமென்ட்டோடு மணலும் வண்ண ஆக்சைடும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்க்கப்படுபவை, சூளையில் சுடப்படுவதில்லை. தரை முழுவதும் பதிக்க முடியாவிட்டாலும் வாசல் நடையிலோ பால்கனியிலோ சிறு பகுதிக்குப் பதித்தால் போதும்.

திரைச்சீலை, விரிப்பு, சுவர்ப்படம் ஆகியவற்றுக்கு ஏதேனும் கணக்கு உண்டா?

திரைச்சீலைக் கம்பியைச் சன்னல் சட்டத்துக்கு ஆறங்குலம் மேலே மாட்டி, துணியைத் தரை வரை விட்டால் அறை உயரமாகத் தெரியும். துணியின் அகலம் சன்னலைப் போல் இரு மடங்கு இருந்தால்தான் மடிப்பு விழும். கரூரில் நெய்யப்படும் கனமான பருத்தித் துணியும், சென்னிமலைப் போர்வைகளும், பவானி ஜமுக்காளமும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் செயற்கை இழைக் கம்பளத்துக்கு நம் வீட்டில் என்ன வேலை என்று எனக்குப் புரிவதில்லை. ஜமுக்காளத்தை உதறி வெயிலில் போடலாம். பத்தமடைப் பாய், தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யப்பட்டு 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. மெல்லிய ரகத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களும் உண்டு.

படங்களை மாட்டும்போது படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடியில் வரட்டும். நம் வீடுகளில் படங்கள் விட்டத்தை ஒட்டியே தொங்குவது வழக்கமாகிவிட்டது.

உள்ளலங்கார ஒப்பந்ததாரரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

அலமாரிக்கு ‘சதுர அடி இவ்வளவு’ என்பார்கள். அது முன்பரப்பின் அளவா, பரணும் அதில் சேருமா, உள்ளே வரும் இழுப்பறைகளுக்குத் தனிக் கட்டணமா, ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொன்ன விலையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ப்ளைவுட்டின் தர எண்ணும் கனமும், மைக்கா 1 மில்லிமீட்டரா அதற்கும் குறைவா என்பதும், கீல் எந்த நிறுவனத்தின் எந்த வகை என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். கடலுக்கு அருகில் இருப்பவர்கள் கீலுக்கும் கைப்பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகையே கேளுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை, எல்லாக் கதவுகளும் தடையின்றி மூடித் திறக்கின்றன என்று நீங்களே பார்த்த பிறகு கொடுங்கள். முழுத் தொகையும் கைமாறிய பிறகு ஒரு கீலைச் சரிசெய்ய ஆள் வருவதற்கு நான்கு மாதம் காத்திருந்த வீடுகளை அறிவேன். வேலை முடிந்து ஆட்கள் கிளம்பும்போது, மீந்த மைக்காத் துண்டுகளை அள்ளிக்கொண்டு போகவிடாமல் வாங்கி, அவற்றின் நிற எண்ணைப் பின்பக்கம் எழுதிப் பரணில் போட்டு வையுங்கள். ஐந்தாண்டு கழித்து ஒரு விளிம்பு பெயரும்போது, அந்த நிறம் கடையில் கிடைக்காது.